சூப்பர் பாஸ்பேட்டும் மேனேஜர் கண்ணாடியும்

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அந்த ராத்திரி நீங்கள் அங்கே இருந்தீர்களா? இல்லை. மணிமங்கலத்தில் எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் பஸ் ஓடவில்லை, வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் கம்பெனிக்கு வரும் ஆசிட் லாரியைப் போலீஸ்காரர்கள் வழியில் நிறுத்தி, உள்ளே என்ன என்று கேட்டு, மூடியைத் திறக்கச் சொல்லி, திறந்ததும் வேகமாகப் பின்வாங்கினார்கள். அதைப் பற்றி நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அந்த வருஷம் எனக்கு நடந்ததாக நான் சொல்ல விரும்புவது ஒரு மூக்குக்கண்ணாடியின் கதை.

எங்கள் கம்பெனி ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருந்தது. இன்றைக்கு அங்கே கார் கம்பெனிகள் மதில் கட்டி நிற்கின்றன. அன்றைக்குச் சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை, ஏரி, கருவேல மரம். நடுவில் எங்கள் தகரக் கொட்டகையும் ஒரு புகைபோக்கியும். அங்கே செய்தது சூப்பர் பாஸ்பேட் உரம். நான் அதற்கு கெமிஸ்ட். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த சூட்டோடு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லேப் என்பது ஒரு ஜன்னலும் ஒரு மேஜையும் கொண்ட அறை. என் பதவி கெமிஸ்ட் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியில் மேனேஜர் என்னை 'லேப் பொண்ணு' என்றுதான் சொல்வார்.

சூப்பர் பாஸ்பேட் செய்வது கேட்பதற்குச் சமையல் மாதிரி இருக்கும். ராஜஸ்தானிலிருந்து வரும் ஒரு வகைப் பாறையை மாவாக அரைக்க வேண்டும். பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது, அதனால் வேருக்குப் பிரயோஜனமில்லை. அந்த மாவில் சல்பியூரிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கினால் கொதித்துப் பொங்கும். கூழாக வழிந்து, கொஞ்ச நேரத்தில் இறுகும். அது இறுகுகிற நீளமான மூடிய பெட்டிக்கு 'டென்' என்று பெயர். அடியில் பலகைகள் மெதுவாக நகர, இறுகிய பாளத்தை மறுமுனையில் கத்திகள் சீவித் தள்ளும். சீவியதைக் கொட்டகையில் மலையாகக் குவித்துச் சில வாரம் ஆறப் போட வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் அமிலமும் பாறையும் மெதுவாக வேலையை முடித்துக்கொள்ளும். பிறகு உடைத்துச் சலித்து மூட்டை கட்டலாம். குவியலில் அங்கங்கே ஒரு கரண்டி எடுத்து, பாஸ்பரஸ் எவ்வளவு கரைகிறது, அமிலம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது என் வேலை.

சமையல் மாதிரி இல்லாத ஒரே விஷயம் இதன் ஆவி. அந்தப் பாறைக்குள் ஃப்ளோரினும் இருக்கிறது. அமிலம் பட்டதும் அது பாறையில் உள்ள மணலின் சிலிக்கனோடு சேர்ந்துகொண்டு வாயுவாகக் கிளம்பிவிடும். மூக்கில் ஏறினால் தும்மல், கண்ணில் பட்டால் எரிச்சல், தொண்டையில் இறங்கினால் நாள் முழுக்கக் கமறல். அதனால் டென்னுக்கு மேலே ஒரு குழாய் வைத்து வாயுவை இழுத்து, ஸ்க்ரப்பர் என்கிற உயரமான தொட்டிக்குள் விடுவார்கள். உள்ளே மழை மாதிரி தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வாயு தண்ணீரில் கரைந்துவிடும். மிச்சக் காற்று புகைபோக்கி வழியாகப் போகும். தண்ணீர் கொட்டும் வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை.

அந்த வருஷம் வெயில் ஏற ஏற எங்கள் போர் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. பங்குனி கடைசியில் மேனேஜர் ஒரு முடிவு எடுத்தார். ஸ்க்ரப்பர் பம்ப்பை நிறுத்துவது, வாயுவை இழுக்கும் காற்றாடி மட்டும் ஓடினால் போதும், புகைபோக்கி உயரமாகத்தானே இருக்கிறது, காற்று கொண்டுபோய்விடும். மழை வந்ததும் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அங்கே ஒரு பெரிய உர ஆலையில் வேலை பார்த்தவர் என்பதை எங்களுக்கு வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவார். கெட்ட மனிதர் இல்லை. கத்துவார், பிறகு கத்தியதை மறந்துவிடுவார். எங்களுக்குத்தான் மறக்காது. அவருக்கு இரண்டு பழக்கங்கள். எவர்சில்வர் டம்ளரில் டீ குடிக்க மாட்டார், கண்ணாடி டம்ளர்தான் வேண்டும், அதுவும் அவருக்கென்று தனியாக இருப்பது. இரண்டாவது, மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் கண் அயர்வார். அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இடம் மாறாமல் ஜன்னல் விளிம்பில் வைப்பார். இந்த இரண்டாவது பழக்கம் எனக்கு அப்போது தெரியாது. அவர் தூங்கும் நேரத்தில் அந்த அறைக்குள் போகும் தைரியம் யாருக்கும் இல்லை.

அவருடைய அறை டென்னுக்கு மேற்கே இருந்தது. காலையில் காற்று எப்படி அடித்தாலும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்துவிடும். புகைபோக்கியிலிருந்து வருவதையெல்லாம் அது நேராக மேனேஜர் ஜன்னலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலில் ஜன்னல்கள் மங்கின. அழுக்கு என்று நினைத்து மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் திட்டினார். வாட்ச்மேன் பழைய பேப்பரை நனைத்துத் துடைத்தார். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தார். கடைசியில் புளி போட்டும் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் ஆனது, ஆனால் பால் ஊற்றியது போல வெள்ளையாகவே இருந்தது. புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். அதுவும் கொஞ்ச நாளில் அப்படியே ஆனது. என் லேப் ஜன்னலும் அதே கதிதான். மேஜைமேல் இருந்த பியூரெட் என்கிற அளவுக் குழாயில் கோடுகள் அழிய ஆரம்பித்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலேஜ் பிராக்டிகலில் ஃப்ளோரைடைக் கண்டுபிடிக்கச் சோதனைக் குழாயின் வாயில் ஈரக் கண்ணாடிக் குச்சியைக் காட்டுவோம், வெள்ளையாகப் படியும். கண்ணாடியும் மணல்தான். ஈரக்காற்று சேர்ந்தால் இந்த வாயுவுக்கு மணலைக் கண்டாலே பசி. அது எங்கள் ஜன்னல்களைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, தூத்துக்குடியில் அத்தனை வருஷம் இருந்தும் ஒரு ஜன்னலைக்கூட கேஸ் தின்று பார்த்ததில்லை என்றார். அங்கே ஸ்க்ரப்பரில் தண்ணீர் ஓடியிருக்கும் சார் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வாட்ச்மேனுக்காக வக்காலத்து வாங்காமல் போய் சாம்பிள் எடு என்று அனுப்பிவிட்டார்.

டென்னை ஓட்டுகிறவர் பென்னலூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். நிலம் கொஞ்சம் இருந்தது, விதைப்புக்கும் அறுப்புக்கும் லீவு போடுவார், மற்ற நாளெல்லாம் டென்தான். ஈரத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி வருகிற முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஜன்னலு போனா மாத்திக்கலாம் மேடம். எனக்குத் தொண்டயில முள்ளு வச்சா மாதிரி கீது. அத்த யார் மாத்துவா?" என்றார்.

அவர் ஏற்கெனவே ஒருமுறை பம்ப்பைத் தானாகவே போட்டுப் பார்த்திருக்கிறார். மேனேஜர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து ஓடி வந்து நிறுத்தியிருக்கிறார். காது அவ்வளவு கூர்மை.

கண்தான் கோளாறாகிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம் ஒருநாள் மூட்டை கட்டும் கொட்டகைக்கு மேனேஜர் வந்தார். ஓரத்தில் இரண்டு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, அதன் தலையில் யாரோ துண்டைப் போட்டிருந்தார்கள். மேனேஜர் அதன் முன்னால் போய் நின்று, ட்யூட்டி நேரத்தில் உட்கார்ந்து தூங்குகிறாயா, உன்னை மாதிரி ஆளால்தான் இந்தக் கம்பெனி உருப்படாமல் இருக்கிறது, எழுந்திரு என்று திட்டினார். மூட்டை எழுந்திருக்கவில்லை. கொட்டகையில் எல்லோரும் அவரவர் வேலையை என்றும் இல்லாத அக்கறையோடு செய்தார்கள். பேர் என்ன என்று கேட்டு அவர் கிட்டே குனிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்து, இந்த மூட்டைக்குத் தையல் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று முடிவு செய்தார். காஞ்சிபுரத்தில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவருடைய கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லி, தன்னுடைய லென்ஸுகளை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, புரை இல்லை, பவரும் மாறவில்லை என்று அனுப்பிவிட்டார். டாக்டர் அறையில் தெளிந்தது வெளியே வந்தால் மறுபடி மங்கியது, மேனேஜர் நம்பவில்லை. மெட்ராஸுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. ஓரமாக வைத்த கண்ணாடியை எந்த டாக்டரும் எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு டாக்டர்களும் சேர்ந்து தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். சர்க்கரை வியாதியாக இருக்கலாம் என்று யாரோ சொல்ல, டீயில் சர்க்கரையை நிறுத்தினார்.

கேன்டீன் நடத்திய அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்று ஏரிக் கரையில் பறித்து வந்து தினமும் அவருக்குப் பொரியல் செய்து போட்டார். திங்கள் பொன்னாங்கண்ணி, செவ்வாய் பொன்னாங்கண்ணி, சனிக்கிழமையும் பொன்னாங்கண்ணி. அவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவ்வளவு திட்டுகிற மனிதர் கீரையை மென்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது எனக்கே பாவமாக இருந்தது. ஆவணியில் அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்தைக் கண்ணால் பார்ப்பேனா என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டாராம்.

டென்காரரின் இருமல் நாளுக்கு நாள் மோசமானது. இனிமேல் வாயால் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது. கேஸ் கண்ணாடியைத் தின்னாது என்பதுதானே மேனேஜர் வாதம்? தின்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதைக் கொஞ்சம் அழகாகக் கொடுக்கலாம் என்று நினைத்ததுதான் குறும்பு.

அக்காவிடமிருந்து மேனேஜரின் கண்ணாடி டம்ளரை வாங்கினேன். ஒரு மெழுகுவத்தியை உருக்கி உள்ளும் வெளியும் முழுக்கப் பூசினேன். மெழுகை இந்த வாயு தொடாது. ஆறியதும் தலையில் இருந்த ஹேர்பின்னை எடுத்து, வெளிப்பக்க மெழுகைக் கீறி எழுதினேன். உருண்டையான இடத்தில் தமிழ் எழுத்து வளைந்துகொடுக்காது, 'ணி'க்குச் சுழி போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டென்காரர் அதை வாங்கிக் கம்பியில் கட்டி, ஸ்க்ரப்பருக்குப் போகும் குழாயில் சுத்தம் செய்வதற்காக வைத்திருந்த சின்னக் கதவைத் திறந்து உள்ளே தொங்கவிட்டார். காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது போட்டது, மத்தியானம் எடுத்தோம். வெந்நீரில் மெழுகைக் கழுவினால், கீறிய இடத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று எழுத்து. துடைத்தால் போகவில்லை, சுரண்டினாலும் போகவில்லை. நான் எழுதியதைவிட அழகாக இருந்தது.

"தண்ணி விடுங்க சார்." இவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

சாயங்கால டீயை அந்த டம்ளரில் ஊற்றி அக்கா எடுத்துக்கொண்டு போனார். பிளாக் டீதான், அதில் வெள்ளை எழுத்து நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. ஏதோ ரிசல்ட் காட்ட வந்தவள் போல நான் பின்னாலேயே போனேன். டென்காரர் வாசலில் தண்ணீர்க் குழாயின் வால்வைச் சரிபார்க்க ஆரம்பித்தார். அதற்கு அப்போது எந்தக் கோளாறும் இல்லை.

மேனேஜர் டம்ளரை எடுத்தார். விரலில் சொரசொரப்பு தட்டியிருக்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தூக்கினார், தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு யோசித்த நான் அவரால் படிக்க முடியாது என்பதை யோசிக்கவே இல்லை.

"என்னமோ எழுதியிருக்குல்லா? என்னன்னு படி," என்று டம்ளரை அக்காவிடம் நீட்டினார். அக்கா தனக்குப் படிப்பு வராது என்று சொல்லி, ஒரு அடி பின்னால் போய், என்னைக் கையால் காட்டினார். படிக்கத் தெரிந்த அக்கா அது. தினமும் பேப்பரில் ராசிபலன் வாசித்துச் சொல்பவர்.

டம்ளர் என் கைக்கு வந்தது. டம்ளரில் தைரியமாக எழுதிவிடலாம், அவர் முகத்துக்கு நேராகப் படிப்பது வேறு. சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

"தண்ணி விடுங்க சார்."

"எந்தத் தண்ணி?"

"ஸ்க்ரப்பர் தண்ணி சார்."

அவர் முகம் சிவந்தது. இதை யார் எழுதியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இருந்து டென்காரர் குரல் வந்தது.

"கேஸ்தான் எழுதிச்சி சார்."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மெழுகு, ஹேர்பின், குழாய்க் கதவு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியை இந்த வாயு எப்படி அரிக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கோபத்தில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். அவர் கையில் அது திரும்பியபோதுதான் நான் முதல்முறையாக அதைச் சரியாகப் பார்த்தேன். எங்கள் லேப் ஜன்னல் போலவே பால் வெள்ளை.

கேட்பதா வேண்டாமா என்று யோசிக்காமல் கையை நீட்டிவிட்டேன். அவரும் ஏதோ நினைவில் கொடுத்துவிட்டார். நகத்தால் லென்ஸைச் சுரண்டினேன், வரவில்லை. டம்ளரில் இருந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே வெள்ளை. மத்தியானத்தில் இதை எங்கே வைப்பீர்கள் சார் என்று கேட்டேன். அவர் ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். பிறகு டம்ளரையும் கண்ணாடியையும் வாங்கி, வெறும் கண்ணுக்கு மிகக் கிட்டே வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்குத் தூரத்துப் பார்வைதான் குறைவு. கிட்டே வைத்தால் வெறும் கண்ணே போதும். எழுத்து அவருக்குத் தெரிந்தது.

"அப்போ எனக்குக் கண்ணுல புரை இல்லையா?"

"இல்ல சார். கண்ணாடிலதான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், மூக்கை உறிஞ்சினார். பிறகு அக்காவிடம் டம்ளரைத் தள்ளினார்.

"இதக் கொட்டிட்டு, சீனி போட்டு ஒரு டீ கொண்டா. நாளைக்குக் கீரை வேண்டாம்."

டென்காரர் பம்ப்பைப் போடலாமா என்று வாசலில் இருந்தபடியே கேட்டார். மேனேஜர் கையை மட்டும் ஆட்டினார். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டபோது கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து ஸ்க்ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் அப்படியே இருந்தது, அதற்கும் வழி பார்க்க வேண்டியிருந்தது. வாங்கி வரும் அமிலத்தைப் பாறையோடு கலப்பதற்கு முன் எப்படியும் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைப்போம். ஸ்க்ரப்பரில் கழுவிய தண்ணீரையே தெளிய வைத்து அதற்கு எடுத்துக்கொள்ளலாம், நல்ல தண்ணீர் மிச்சமாகும் என்று நான் சொன்னேன். இந்த முறை மேனேஜர் தூத்துக்குடியை இழுக்கவில்லை. தொட்டியின் அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி சிலிக்கா சேரும், அதை வாரி வெளியே போடுவதுதான் தொல்லை. டென்காரர் நீளக் கம்பு வைத்து ஒரு கரண்டி செய்துகொண்டார். பம்ப் ஓடிய மறுவாரமே அவர் மூக்குத் துண்டு கழுத்துக்கு இறங்கியது. இருமல் முழுக்கப் போக ஆடி மாதம் ஆனது.

மேனேஜருக்குப் புதுக் கண்ணாடி வந்தது. அது வந்த அன்றைக்குத்தான் நாங்கள் செய்துகொண்ட வினை எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு எல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கூரையில் ஒட்டடை தெரிந்தது. மூட்டைக்குப் பின்னால் நிஜமாகவே தூங்குகிறவர் தெரிந்தார். ஓவர்டைம் எழுதிக்கொண்டு டீக்கடையில் நின்றவர்கள் சாலையின் அந்தப் பக்கத்தில் இருந்தும் தெரிந்தார்கள். நான் லேப் மேஜை டிராயரில் வேர்க்கடலை வைத்துச் சாப்பிடுவதும் தெரிந்தது. பழைய கண்ணாடியே தேவலை என்று மூட்டை கட்டுகிறவர்கள் என்னிடம் வந்து சண்டை போட்டார்கள்.

கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்தார். தாம்பரத்தில் மண்டபம். போன இடத்தில் சம்பந்தியிடம் என்னைக் காட்டி, "எங்க கம்பெனி கெமிஸ்ட்" என்றார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த டென்காரர் அதைக் கேட்டுவிட்டு, பாயசத்தைக் குனிந்து குடிப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மங்கிப்போன ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிப் புதியது போட்டார்கள். பழையவை ஸ்டோர் சுவரில் சாய்த்துக் கிடந்தன. பெண்கள் உடை மாற்றும் அறை ஜன்னலுக்கு அதுவரை கோணிதான் தொங்கியது. கண்ணாடி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தோம். அக்கா யாரையும் கேட்காமல், இரண்டு பழைய கண்ணாடிகளைத் தூக்கிவந்து தச்சரிடம் சொல்லி அங்கே பொருத்திவிட்டார். உள்ளே வெளிச்சம் வந்தது, பாத்ரூம் ஜன்னலுக்கென்று விற்கும் மங்கல் கண்ணாடி மாதிரி வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் சுற்றி வந்த மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். இங்கே மட்டும் ஏன் இன்னும் மாற்றவில்லை, நாளைக்கே நல்ல கண்ணாடி போடச் சொல்கிறேன் என்றார். அக்கா கையில் இருந்த டீத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அது இருக்கட்டும் சார். கடையில இத்த வாங்கப் போனா காசு ஜாஸ்தி."